ஒன்றும் விசாரிக்காத கடை

"நம்பர் ஹேளி மேடம்" என்று பில் போடும் பெண் கன்னடத்தில் போன் நம்பர் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. அந்தப் பெண்ணின் மேல் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் அவள். கேட்கச் சொன்னதைக் கேட்கிறாள். துவரம்பருப்பு வாங்க வந்தவளிடம் போன் நம்பரைக் கேட்டே தீர வேண்டும் என்று எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்பதற்கு நிறைய வைத்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் அவள் கேட்பதற்கு முன்னாலேயே பத்து எண்களையும் ஒப்பிக்கிறவளாகத்தான் நானும் இருந்தேன். மைசூரில் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் பேட்டைக்கு ஒரு கிளை. பாயிண்ட் சேர்த்து ஒரு நீல பக்கெட் இனாமாக வாங்கினேன். அது இன்னும் எங்கள் குளியலறையில் இருக்கிறது. என் பிறந்த நாளை என் வீட்டுக்காரர் மறந்தாலும் அந்தக் கடை மறக்காமல் காலை ஏழு மணிக்கே வாழ்த்து அனுப்பிவிடும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்காகச் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கினேன். அதற்கப்புறம் ஆறு மாதம் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு சிறுதானிய மாவுக்கும் கசப்புச் சாறுக்கும் தள்ளுபடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டிச் சிரித்தேன். நம்மைக் கவனிக்கிறார்கள் என்றுகூட எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம். நான் வேலை கிடைத்து மைசூருக்கு வந்தேன். அவள் கொள்ளேகாலில் வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவர் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அடிக்கிறவன். இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். இரண்டு முறையும் பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, சமாதானம் பேசி அவளை அவனோடேயே அனுப்பி வைத்தார்கள். மூன்றாவது முறை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு காலை பஸ் ஏறி நேராக நான் வேலை செய்யும் கல்லூரிக்கு வந்துவிட்டாள்.

நான் அங்கே சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. தடுப்புக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தவர்களுக்கு நடுவில் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது கண் வீங்கியிருந்தது. வரிசையில் தன் முறை வரும்வரை நின்றிருக்கிறாள்.

அவளை என் வீட்டுக்கு நான் கூட்டிப்போகவில்லை. அவன் முதலில் வருகிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அப்படியே மறுநாள் மதியம் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, அவ இங்க வந்தாளுங்களா?" என்றான்.

"இங்க எதுக்கு வர்றா? என்ன ஆச்சுங்க மாப்ள?" என்று நான் பதறினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எப்போதும் பொய் சொன்னதில்லை. அவன் சமையலறை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவளும் குழந்தையும் அப்போது மண்டி மொஹல்லாவில் இருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற ஒருவரின் உறவுக்காரருக்கு அங்கே ஒரு மளிகைக் கடைக்கு மேலே சின்ன அறை இருந்தது. பக்கத்திலேயே ஊதுபத்தி பேக்கிங் செய்யும் இடத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு என் பெயரில் புது சிம் வாங்கிக் கொடுத்தேன். ஏடிஎம் கார்டைத் தொடக்கூடாது, யாரோடும் போட்டோ எடுத்துக்கொள்ளக்கூடாது, ஊரில் யாருக்கும் போன் போடக்கூடாது. குழந்தையைச் சேர்த்த பள்ளிக்கூடத்திலும் தாயின் பெயர் மட்டும்தான். ஒரு ஓட்டை விடவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

கீழே இருந்த மளிகைக் கடைக்காரர்தான் எனக்குப் பயமாக இருந்தார். நல்ல மனிதர், ஆனால் விசாரிக்காமல் அரை கிலோ அரிசிகூட நிறுக்க மாட்டார். எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு, வீட்டுக்காரர் என்ன பண்றார், ஏன் கண்ணிலேயே படவில்லை. முதல் நாளே என் தங்கையிடம், "ஹனூர் பக்கமா? எங்க சகலை அங்கதாம்மா டிராக்டர் கடை வச்சிருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அவள் வெறும் கையோடு மாடிக்கு ஓடி வந்துவிட்டாள்.

"அந்த ஆளு வாய்க்கு நீ தீனி போட வேண்டாம்" என்று நான் சொன்னேன். "பத்து நிமிஷம் நடந்தா சூப்பர் மார்க்கெட் இருக்கு. அங்க ஒருத்தரும் ஒண்ணும் விசாரிக்க மாட்டாங்க. எடுத்தமா, பில் போட்டமா, வந்தமான்னு இரு. பாயிண்டும் சேரும், விட்றாத."

நான்தான் சொன்னேன். என் வாயால்.

ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஏழு வாரத்தில் தங்கைக்குக் கண் வீக்கம் வடிந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து கூலி கையில் வாங்கியதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போவாள். ஏசி காற்று, பாட்டு, தள்ளுவண்டிக்குள் குழந்தை. வாரத்தில் அவர்களுக்கு அதுதான் உல்லாசம். குழந்தைக்குக் கலர் பென்சில் வாங்கினாள். தனக்கு பன்னீர் வாங்கிச் சமைத்தாள். கல்யாணமான எட்டு வருஷத்தில் தனக்கென்று வாங்கிச் சாப்பிட்ட முதல் பொருள் அது என்று என்னிடம் போனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எட்டாவது சனிக்கிழமை மாலை அவளிடமிருந்து போன் வந்தது. பேச்சு இல்லை, குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாள்தான் நடந்ததை எனக்குச் சொன்னாள்; மிச்சத்தைத் தங்கை அப்புறம் சொன்னாள்.

அவர்கள் பையோடு வெளியே வரும்போது அவன் எதிரே தன் வண்டியில் சாய்ந்து நின்றிருக்கிறான். கத்தவில்லை, அடிக்கவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறான்.

"போன சனிக்கிழமை பன்னீரு, இருநூறு கிராம். அதுக்கு முந்தின வாரம் கலர் பென்சிலு, சேமியா. எங்கூட்டுல இருந்தப்ப பன்னீரு புடிக்காதுன்னியே. இப்ப யாருக்காக வாங்குற?"

அவள் குழந்தையைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். அதற்குள் அவன் குழந்தையின் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தான். குழந்தை தரையில் உட்கார்ந்துகொண்டது. பூக்கார அம்மாள் எழுந்து நின்று கன்னடத்தில் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவன் கையை விட்டான். வண்டியில் ஏறிக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமையும் வருவேன்" என்றானாம். ஏதோ விருந்துக்கு வருவதாகச் சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான் என்று தங்கை சொன்னாள்.

அறைக்கு வந்ததும் நான் முதலில் செய்த காரியம் கீழே இறங்கிப் போய் அந்த மளிகைக் கடைக்காரரைப் பிடித்து உலுக்கியது. உங்கள் சகலையிடம் சொன்னீர்களா, எவ்வளவு பேசுவீர்கள், ஒரு பெண்ணின் உயிர் உங்களுக்கு ஊர்வம்பாகப் போய்விட்டதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் தராசுத் தட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலம்மா. அந்தப் பொண்ணு கண்ணைப் பார்த்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்ல கூட நான் பேச்செடுக்கல" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாடிக்குப் போய்த் தங்கையைக் குடைந்தேன். யாருக்காவது போன் செய்தாயா? இல்லை. யாராவது பார்த்தார்களா? இல்லை. பன்னீர் இருநூறு கிராம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் யோசித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"பில் போடறப்ப நம்பர் கேப்பாங்கக்கா."

"என்ன நம்பர் குடுத்த?"

"புது நம்பர் எனக்கு இன்னும் மனசுல நிக்கலக்கா. முத தடவை கேட்டப்ப பின்னாடி ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க. அவரு நம்பர்தான் வாயில வந்துச்சு. கேஸுக்கு, ரேசனுக்கு, பாப்பா இஸ்கூலுக்கு, எல்லாத்துக்கும் அதத்தான குடுத்துப் பழக்கம். பாயிண்டு நெறைய சேந்திருக்குன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. நீயுந்தான் விட்றாதன்னு சொன்னியே. கடையோட போயிரும்னு நெனச்சேன்."

எட்டு வருஷமாக அடித்தவன் இன்னும் அவளுக்கு "அவரு"தான். அவன் நம்பர் அவளுக்குத் தன் பெயரைப் போல மனப்பாடம். இது அவளுடைய தப்பு என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குக் கல்யாணமானால் முகவரி மாறுகிறது, அதோடு நம்பரும் மாறுகிறது. அவளுக்கென்று ஒரு நம்பர் இருந்தாலும் அதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

கொள்ளேகாலிலும் அந்தக் கடைக்கு ஒரு கிளை உண்டு. அங்கே அவன் பெயரில் பாயிண்ட் அட்டை இருந்திருக்கிறது. மரங்களைக் காப்பாற்றுவதற்காகக் காகித பில்லை நிறுத்திவிட்டார்கள். இப்போது பில் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் போனுக்குப் போயிருக்கிறது. எந்த ஊர், எந்தக் கிளை, எத்தனை மணி, என்ன வாங்கினாள், எத்தனை கிராம் என்று ஒன்று விடாமல். நாலாவது வாரத்துக்கு மேல், "உங்கள் குடும்பத்துக்குப் பிடித்தவை" என்று கலர் பென்சிலுக்கும் பன்னீருக்கும் படம் போட்டுத் தள்ளுபடி வேறு. அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் அவன் பழைய பில்லையெல்லாம் திறந்து படித்திருக்க வேண்டும். நான் ஊரெல்லாம் பொய் சொல்லி மறைத்து வைத்த பெண்ணை, மரத்தைக் காப்பாற்றுகிறவர்கள் வாரம் தவறாமல் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அந்த அறையைக் காலி செய்தோம். ஊதுபத்தி வேலை போயிற்று, குழந்தையின் பள்ளிக்கூடம் போயிற்று. கிளம்பும்போது நான் மளிகைக் கடைக்காரரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் குழந்தையின் கையில் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விசாரிக்கிறவர் அதை விசாரிக்கவில்லை. அவர்கள் போன ஊரின் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். மேனேஜர் டை கட்டிய இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார். நடந்ததைச் சொல்லி, என் தங்கை வாங்கியதையெல்லாம் அழிக்க வேண்டும், இனி அந்த நம்பருக்கு எதுவும் போகக்கூடாது என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"உங்க தங்கச்சி பேர்ல இங்க ஏனும் இல்ல மேடம். கஸ்டமர் இந்த சார்தான்."

"வாங்கினது அவள்தானே. காசு கொடுத்தது அவள்தானே."

"நம்பர் யாருதோ அவர்தான் மேடம் கஸ்டமர்."

"சரி, அழிக்க என்ன செய்யணும்?"

"சார் ரிக்வெஸ்ட் கொடுக்கணும். இல்லன்னா இங்கயே பண்ணலாம், அவர் நம்பருக்கு ஓடிபி போகும். அவர் அதைச் சொன்னா அழிச்சிடலாம்."

 என் தங்கையைக் கண்டுபிடிக்க உதவும் தகவலை அழிக்க, அவளைத் தேடுகிறவனே போனைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். அப்புறம், அவனுக்கு இதுவரைக்கும் என்னென்ன போயிருக்கிறது என்றாவது எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆகல்ல மேடம். வேற கஸ்டமரோட விவரம். பிரைவசி இதெ."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அந்தக் கடையில் குரலை உயர்த்தினேன். என் தங்கையின் மாதவிலக்கு நாப்கின் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று அவனுக்குத் தெரியலாம்; அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியக்கூடாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிரைவசி. காவலாளி வந்து நின்றார். மேனேஜருக்கு முகம் செத்துப்போயிருந்தது. நல்ல பையன்தான், பாவம், அவர் கையில் ஒன்றுமில்லை. தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி என்று பதில் வந்தது.

அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு பெண் தன் மகளுக்கு விண்ணப்பம் கொண்டுவந்தாள். கைபேசி எண் என்ற இடம் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி உண்டு, கட்டாயம் என்று அர்த்தம். "உங்க வீட்டுக்காரர் நம்பரையாவது எழுதுங்கம்மா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பதினாறு வருஷமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எத்தனை பெண்களிடம் அதைச் சொல்லியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. விண்ணப்பத்தை அப்படியே வாங்கி முத்திரை குத்தினேன். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அதில் பத்துப் பூஜ்யம் போட்டேன். எடுத்துக்கொண்டது.

அது எடுத்துக்கொண்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. அந்தக் கட்டத்துக்கு யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பத்து எண்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நகரத்தின் தென்கோடியில் இருக்கும் கிளைக்குப் போனேன். பன்னீர் இருநூறு கிராம், கலர் பென்சில், சேமியா எடுத்தேன். நம்பர் கேட்டாள். அவன் நம்பரைச் சொன்னேன். பாயிண்ட் நிறைய இருக்கிறது மேடம் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வடக்குப் பக்கம் ஒரு கிளை. அதற்கடுத்த வாரம் ஹாசனுக்குக் கல்யாணத்துக்குப் போன தோழியிடம் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவளும் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் பன்னீர் தின்று தின்று என் வீட்டுக்காரருக்குச் சலித்துவிட்டது. கலர் பென்சில் பெட்டிகளை அலுவலகத்தில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

தங்கை இப்போது இருக்கும் ஊரில் ஒரு சின்னக் கடையில்தான் சாமான் வாங்குகிறாள். அந்தக் கடைக்கார அம்மாளும் எல்லாவற்றையும் விசாரிக்கிறாளாம். இவள் துணிந்து பொய் சொல்கிறாள். புருஷன் துபாயில் இருக்கிறான், எலெக்ட்ரீஷியன், தீபாவளிக்கு வருவான். அந்த அம்மாள் நம்பிவிட்டாள். கேள்வி கேட்கிறவர்களிடம் பொய் சொல்லிவிடலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தாமதமாகத்தான் புரிந்தது.

நாலாவது வாரமும் தென்கோடிக் கிளைதான், ஐந்தாவது சனிக்கிழமை மறுபடி அங்கேயே போனேன். பில் போடும் இடத்தில் நிற்கும்போதே கண்ணாடி வழியாக அவன் வண்டியைப் பார்த்தேன். அவன் வாசலுக்கு எதிரே நின்றிருந்தான்.  பின்பக்கமாகப் போய்விடலாமா என்று நினைத்தேன். அந்தப் பெண் நம்பர் கேட்டாள். நான் வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பத்து எண்களையும் சொன்னேன்.

வெளியே வந்தபோது அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் பார்த்தான். கதவு திறந்து மூடியது, வேறு யாரும் வரவில்லை.

"நீங்களா?" என்றான். "அவ எங்க?"

அந்த நேரத்தில் அவன் கையிலிருந்த போன் டிங் என்றது. குனிந்து பார்த்தான். பன்னீர், கலர் பென்சில், சேமியா. என் கையிலிருந்த பையைப் பார்த்தான். தெற்கும் வடக்கும் ஹாசனும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை நான் நின்று பார்த்தேன். இனிமேல் அந்தப் போனில் எது வந்தாலும் அது அவளா நானா என்று அவனுக்குத் தெரியாது.

"பில் சரியா வந்துருச்சுங்களா மாப்ள?" என்று கேட்டேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவேன்" என்றேன். சொல்லிவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.